கொங்குச் சீமையிலிருந்து கடல் ஓவியம்: கரையில் குறிப்பு, வீட்டில் கான்வாஸ்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் குடியிருந்துகொண்டு கடல் வரைய ஆசைப்படுகிறவர்களுக்கான வழிகாட்டி இது. பென்சிலும் பிரஷும் ஓரளவு பழகியவர், ஆனால் கடலை இதுவரை போட்டோ பார்த்தே வரைந்தவர் என்று வைத்துக்கொள்கிறோம். கடைசியில் கைக்கு வரப்போவது 45 × 60 செ.மீ. அளவில் ஓர் அக்ரிலிக் ஓவியம்.

ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலக் கலைஞர் கிராமம் மாதிரி கடலை ஒட்டி வீடு வைத்திருப்பவர் இன்றைக்குத் தவறவிட்ட அலையை நாளைக் காலை போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நமக்குக் கரையில் கிடைப்பது ஒன்றிரண்டு நாள். மிச்ச வேலையெல்லாம் வறண்ட மேல்காற்று அடிக்கும் ஊரில். அதனால் கரையில் எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதிலேயே பாதி ஓவியம் முடிவாகிவிடுகிறது. முந்நூறு போட்டோவோடு திரும்பி வந்து, எந்த நீலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம்.

1. கரையும் மாதமும் முடிவு செய்தல்

கோவைக்கும் திருப்பூருக்கும் பக்கத்துக் கடல் மேற்கில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போனால் சாவக்காடு, பொன்னானி, கோழிக்கோடு. குருவாயூருக்குச் சாமி கும்பிடப் போகிற குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டாலும் போதும், சாவக்காடு கடற்கரை அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். ஈரோடு, கரூர்க்காரர்களுக்குத் திருச்சி வழியாகப் பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் சௌகரியம்.

தூரத்தைவிட வெயிலின் திசைதான் முக்கியம். மேற்குக் கரையில் காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும். அலையின் முன்பக்கம் முழுக்க வெளிச்சமாக இருப்பதால் நுரையில் நிழலே இராது, உருண்டையும் தெரியாது. மாலை 3 மணிக்கு மேல் சூரியன் கடல் பக்கம் வந்துவிடும். அப்போது அலையின் மெல்லிய முகட்டுக்குள் வெளிச்சம் புகுந்து பச்சையாக ஒளிரும். கிழக்குக் கரையில் இதெல்லாம் அப்படியே தலைகீழ், விடியற்காலைதான் அங்கே பொன்னான நேரம்.

ஆகவே காலை 11 மணிக்கு இறங்கி 3 மணிக்கு வண்டியேறும் ஒருநாள் டூர் எந்தக் கரைக்கும் உதவாது. ஓர் இரவு தங்குங்கள்.

மேற்குக் கரைக்கு முதல் பயணம் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் இருக்கட்டும். அலை சின்னது, வானம் தெளிவு, அலை உடைகிற விதத்தை நிதானமாகப் பார்க்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை. கடல் சேறும் மணலும் கலந்து கொந்தளிக்கும். வரையத் தகுந்த காட்சிதான், ஆனால் முதல் பயணத்துக்கு வேண்டாம். கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அந்த மாதங்களைத் தள்ளிவிடுங்கள்.

படகு வரைய விரும்பினால் கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நல்ல சமயம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும், பலவற்றைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள். தண்ணீரில் மறைந்திருக்கும் அடிப்பாகத்தின் வளைவை வேறு எப்போதும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. கேரளத்தில் இழுவைப் படகுகளுக்கான தடை ஜூன், ஜூலையில் 52 நாள்.

ஒரே பயணத்தில் இரண்டு விதக் கடல் வேண்டுமென்றால் ராமேஸ்வரம். மன்னார் வளைகுடாப் பக்கம் அலையடிக்கும், அதை ஆண் கடல் என்பார்கள். பாக் நீரிணைப் பக்கம் குளம் போல் அடங்கிக் கிடக்கும், அது பெண் கடல். தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் இரண்டும் இரு பக்கமும் தெரியும்.

2. ஓதம் பார்த்து நேரம் குறித்தல்

நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதை. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், அடுத்த நாள் அதே நிலை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். இந்த ஏற்றமும் வற்றமும்தான் ஓதம். போகும் ஊரின் ஓத அட்டவணை இணையத்திலேயே கிடைக்கும்.

வற்றும் நேரத்தில் ஈர மணல் அகலமாக விரிந்து வானத்தைப் பிரதிபலிக்கும். முன்புறத்துக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஏறும் நேரத்தில் உட்கார்ந்தால் அரை மணிக்கு ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர வேண்டியிருக்கும், பார்வைக்கோணமும் மாறிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம்.

மேற்குக் கரையில் மாலை வெளிச்சமும், கிழக்குக் கரையில் விடியற்காலை வெளிச்சமும், வற்றும் நேரத்தோடு சேர்ந்து வரும் நாளாகப் பார்த்துப் பயணத் தேதி குறியுங்கள். லீவு கிடைக்கும் தேதியை வைத்துக் குறிக்கிறவர்களுக்குப் பாதி நேரம் ஈர மணலே கிடைப்பதில்லை.

3. கிளம்புமுன் டோன் பட்டை செய்துகொள்ளுதல்

டோன் என்பது ஓர் இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு கருமை என்ற அளவு. 3 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் கெட்டியான அட்டை ஒன்றை வெட்டி, ஐந்து கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டம் வெள்ளை, ஐந்தாவது கருப்பு, நடுவில் மூன்று சாம்பல்கள். மூன்றாம் எண் சரியாக நடுத்தரமாகத் தெரியும்வரை கலந்து பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் பேப்பர் பஞ்ச் வைத்து ஓர் ஓட்டை.

கரையில் இந்தப் பட்டையைக் கை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஓட்டை வழியாகத் தண்ணீரைப் பாருங்கள். எந்தச் சாம்பலோடு தண்ணீர் கலந்து மறைகிறதோ அதுதான் அதன் டோன். கடலின் பளபளப்பு கண்ணை ஏமாற்றும். வெளிச்சமாகத் தோன்றும் தூரத்து நீர் பெரும்பாலும் 3-ஆம் எண்ணாக இருக்கும், பட்டை இல்லாதவர்கள் அதை 2 என்று வரைந்துவிடுவார்கள்.

4. பையில் என்ன

கான்வாஸும் அக்ரிலிக்கும் கரைக்கு வேண்டாம். காற்றில் மணல் பறந்து ஈரப் பெயின்ட்டில் ஒட்டினால் காய்ந்தபின் எடுக்க முடியாது. கரையில் வாட்டர்கலர் போதும், அதுவும் குறிப்புக்குத்தான்.

300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் பேடு ஒன்று, சுமார் 15 × 20 செ.மீ. 2B, 6B பென்சில். ஓர் அங்குலத் தட்டை பிரஷ், 8-ஆம் எண், 4-ஆம் எண் உருண்டை பிரஷ்கள். கலர் ஆறு போதும்: அல்ட்ராமரைன், தாலோ ப்ளூ, தாலோ க்ரீன், லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா. மாணவர் செட்டில் தாலோ ப்ளூ இல்லையென்றால் பிரஷ்யன் ப்ளூவை வைத்து ஒப்பேற்றலாம். நாலு கிளிப், பழைய வேட்டித் துணி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர், டோன் பட்டை.

நல்ல தண்ணீர் இரண்டு லிட்டர் கட்டாயம். கடல் நீரைத் தொட்டு வரைவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உப்பு தாளிலேயே தங்கி, ஈரமான வாஷில் (நீர்க்கப் பூசிய கலரில்) நட்சத்திரம் நட்சத்திரமாக வெளிறிய புள்ளி விழுத்தும், பிறகு மழைக்காலம் வரும்போதெல்லாம் ஈரத்தை இழுக்கும்.

குடை வேண்டாம், காற்று பிடுங்கிவிடும். அகலத் தொப்பி போதும். படகு நிழலில் உட்காருவதாக இருந்தால், "அண்ணே, கொஞ்ச நேரம் இங்க உக்காந்து வரஞ்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். காயப்போட்ட வலையைச் செருப்புக் காலோடு மிதிக்காதீர்கள்.

5. முதல் அரை மணி: கை கட்டிப் பார்த்தல்

வந்ததும் பென்சிலை எடுக்காதீர்கள். அலை ஏன் அங்கே உடைகிறது என்று புரிந்தால்தான் வரைந்த அலை நிற்கும்.

ஆழத்தில் ஓடிவரும் அலை கரையை நெருங்கும்போது அடிப்பக்கம் தரையை உணர்ந்து வேகம் குறைகிறது. பின்னால் வரும் நீர் நெருக்க, உயரம் கூடுகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல் ஏறக்குறைய 1.3 மடங்குக்குக் குறையும்போது முகடு முந்திக்கொண்டு கவிழ்கிறது. இடுப்பளவு அலை நெஞ்சளவுத் தண்ணீரில் உடையும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கடலுக்குள் மணல்திட்டு இருந்தால் அங்கே ஒருமுறை உடைந்து, பள்ளத்தில் அடங்கி, கரையில் மறுபடி உடையும். இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவில் அமைதியான நீர் தெரிவது அதனால்தான்.

அலைகள் கூட்டமாக வரும். சில பெரியவை, பிறகு ஓய்வு, மறுபடி பெரியவை. ஒரே இடத்தில் உடையும் அலைகளை மட்டும் பார்த்து நாலு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மேடு எழுவது, முகடு மெலிவது, கவிழ்வது, நுரை பரவுவது. பிறகு பென்சிலை எடுத்து ஒவ்வொரு கட்டத்தையும் ஐந்தாறு முறை, தீப்பெட்டி அளவில், பத்துப் பத்து வினாடியில் வரையுங்கள். ஒரே அலையைத் துரத்தாதீர்கள். முதல் அலையின் முகட்டை இந்தக் கட்டத்தில், அடுத்த அலையின் நுரையை அந்தக் கட்டத்தில் என்று சேர்த்துக்கொண்டே போகவேண்டும்.

உட்காரும் கோணத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கடலை நேருக்கு நேர் பார்த்தால் அலைகள் பவானி ஜமுக்காளம் போலக் கோடு கோடாகக் குறுக்கே ஓடும், ஓவியத்துக்குள் நுழைய வழியிருக்காது. கரையோரமாகச் சாய்வாகப் பாருங்கள். ஜனவரியில் சாவக்காட்டில் மாலை 4 மணிக்கு வடமேற்குப் பார்த்து உட்கார்ந்தால் அலைவரிசை சாய்வாக வரும், வெயில் இடப்பக்கமிருந்து விழும், நுரைக்கு நிழலும் கிடைக்கும். ஆறரைக்குள் சூரியன் விழுந்துவிடும், அதற்குள் வேலை முடியவேண்டும்.

6. தொடுவானம்

தொடுவானம் எப்போதும் உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். நின்றால் ஏறும், உட்கார்ந்தால் இறங்கும். நிற்பவர் கண் 1.6 மீட்டர் உயரம் என்றால் தொடுவானம் சுமார் 4.5 கி.மீ. தூரம். ஸ்டூலில் உட்கார்ந்து 1.1 மீட்டரானால் 3.7 கி.மீ.

இதனால் வரும் விதி ஒன்று பெரிய பிழைகளைத் தடுக்கும். நீங்கள் நின்று வரைந்தால், சமமான மணலில் உங்கள் உயரத்துக்கு நிற்கும் எல்லோருடைய கண்ணும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், தொடுவானக் கோட்டில்தான் வரும். உட்கார்ந்து வரைந்தால் அந்தக் கோடு நிற்பவரின் மார்பருகே போகும். போட்டோவில் பார்த்த ஆளைப் பிறகு ஓவியத்தில் செருகும்போது இந்த விதியை விட்டுவிட்டால், ஆள் பள்ளத்தில் நிற்பது போலவோ மிதப்பது போலவோ தெரியும்.

ஆகவே ஒவ்வொரு ஸ்கெட்ச் மூலையிலும் "நின்று" அல்லது "உட்கார்ந்து" என்று எழுதுங்கள். இந்த ஒரு சொல் இல்லாமல் வீட்டில் இரண்டு ஸ்கெட்சைச் சேர்க்க முடியாது.

7. டோனும் கலரும் எழுதிக்கொள்ளுதல்

முதலில் டோன். ஒரு சின்ன ஸ்கெட்சில் வெறும் எண் எழுதுங்கள். வெயில்பட்ட நுரை 1, தொடுவானத்துக்கு மேல் வானம் 2, நுரையின் நிழல் 2-க்கும் 3-க்கும் நடுவில், தூரத்து நீர் 3, அலையின் அடி 4 என்பது மாலை நேரத்து வழக்கமான வரிசை. உங்கள் நாளில் எப்படி என்று பட்டையை வைத்துப் பார்த்துத் திருத்துங்கள்.

பிறகு கலர். எட்டு இடம்: தொடுவானத்தை ஒட்டிய வானம், அதற்குக் கீழே உள்ள நீர், நடு நீர், அலை முகட்டின் உட்புறம், அலையின் அடி, நுரை வெளிச்சம், நுரை நிழல், ஈர மணல். ஒவ்வொன்றுக்கும் ஒரு தீப்பெட்டிக் கட்டம். கலந்து பூசி, பேடை நேராகப் பிடித்துக் காட்சியோடு ஒப்பிட்டு, சரியானதும் பக்கத்தில் என்னென்ன கலந்தீர்கள் என்று எழுதுங்கள். வெளிச்சம் அதற்குமேல் பொறுக்காது என்பதால் எட்டையும் 20 நிமிடத்துக்குள் முடியுங்கள்.

கடலோரக் காற்றில் வாஷ் சட்டென்று காயாது. வீட்டில் ஐந்து நிமிடத்தில் காய்வது இங்கே கால் மணி எடுக்கும். அதனால் கட்டங்களை ஒட்டி ஒட்டிப் போடாமல் விரல் அகலம் இடைவெளி விடுங்கள். பக்கத்தை ஈரத்தோடு மூடிவிடவும் கூடாது.

தூரத்து நீர் ஏன் வானத்தைவிடக் கருமை என்பது பலருக்குப் புதிர். தட்டையான கண்ணாடி மாதிரி இருந்தால் அது தொடுவான வானத்தையே காட்டும். ஆனால் சின்னச் சின்ன அலைகளின் நம் பக்கம் சாய்ந்த முகங்கள் உச்சி வானத்தின் ஆழ்ந்த நீலத்தைக் காட்டுகின்றன. காலடி நீரிலோ பிரதிபலிப்பு குறைந்து அடியில் உள்ள மணலே தெரிகிறது. ஒரே நீலத்தை மேலிருந்து கீழ்வரை பூசினால் கடல் படுக்காமல் சுவர் போல நிற்பது இதனால்தான்.

ஆற்று முகத்துவாரங்களில் இன்னொன்று சேரும். பூம்புகாரில் காவிரியில் தண்ணீர் ஓடும் நாள்களில் கரையோர நீர் பழுப்பாகி, சற்றுத் தள்ளிப் பச்சையாகி, பிறகுதான் நீலமாகும். அந்தக் கலர் மாறும் எல்லைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. செல்போனுக்குச் சின்ன வேலை

போட்டோ வடிவத்துக்கு மட்டும். செல்போன் கேமரா நுரையை வெளுக்க வைத்து அலை நிழலைக் கருக்கிவிடும், கலருக்கு நம்பாதீர்கள். நுரையின் மேல் விரலை வைத்து எக்ஸ்போஷரைப் பூட்டி, கொஞ்சம் குறைத்து எடுங்கள். வைட் லென்ஸ் தொடுவானத்தை வளைக்கும், சாதாரண லென்ஸ் போதும். அரை நிமிட ஸ்லோ மோஷன் வீடியோ ஒன்று நூறு போட்டோவுக்குச் சமம்.

9. வீட்டில் கான்வாஸ் கட்டுதல்

கடையில் கிடைக்கும் ரெடிமேட் கான்வாஸ் போதும் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். ஆனால் சோமனூர், பல்லடம் தறிகளும் ஈரோட்டுச் சந்தையும் பக்கத்திலேயே இருக்கும்போது, துணி வாங்கி நீங்களே கட்டுவது மலிவு, தரமும் உங்கள் கையில்.

மெல்லிய காடாத் துணி இழுவைக்குத் தாங்காது, பெயின்ட் பின்னால் கசியும். பை தைக்கும் கெட்டியான காட்டன் கான்வாஸ் துணி, சதுர மீட்டருக்கு 340 கிராமுக்குக் குறையாமல் கேளுங்கள். பாலியஸ்டர் கலந்ததா என்று ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி தாள் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும்.

அடுத்தது கஞ்சி. தறியில் பாவு அறுந்துபோகாமல் இருக்க சைசிங் செய்து கஞ்சி ஏற்றியிருப்பார்கள். அதைப் போக்காமல் ஜெஸ்ஸோ (பெயின்ட்டுக்கு முன் துணியில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) பூசினால் ஜெஸ்ஸோ இழைக்குள் இறங்காது, மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஓர் இரவு ஊறவைத்து, கசக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். காய்ந்தபின் ஒரு மூலையில் நீர் கலந்த அயோடின் மருந்து ஒரு சொட்டு விடுங்கள். நீலக்கருப்பானால் கஞ்சி மிச்சம் இருக்கிறது, மறுபடி அலசவேண்டும். துவைத்தால் சுருங்கும் என்பதால் 45 × 60 ஓவியத்துக்கு முதலிலேயே 70 × 85 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு 4 × 2 செ.மீ. பைன் ரீப்பர் போதும். முன்பக்கத்தின் உள் ஓரத்தைச் சரிவாக இழைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் துணி கட்டையில் பட்டு, பிரஷ் அழுத்தும் இடத்தில் ஓவியத்தின் நான்கு பக்கமும் கோடு விழும், தட்டையான வானத்தில் அது பளிச்சென்று தெரியும். சட்டம் சதுரமா என்று பார்க்கத் தச்சரின் மூலைமட்டம்கூட வேண்டாம். 45-க்கு 60 என்றால் மூலைக்கு மூலை 75 செ.மீ. வரவேண்டும், இரண்டு பக்கமும்.

துணியை ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு ஸ்டேப்ளர் பின் அடித்துத் தொடங்கி, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி, நடுவிலிருந்து மூலைக்கு நகருங்கள். 4 செ.மீ.க்கு ஒரு பின். மூலையிலிருந்து தொடங்கினால் நடுவில் அலை அலையாகச் சுருக்கம் நிற்கும். நமக்கு வேண்டிய அலை அதுவல்ல.

ஜெஸ்ஸோ மூன்று கோட்டிங். முதல் கோட்டிங்கில் நாலில் ஒரு பங்குவரை தண்ணீர் சேர்க்கலாம், அதற்குமேல் கூடாது. ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்காக. நடுவே 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். சுவருக்கு அடிக்கும் பிரைமரை இதற்கு மாற்றாகப் பூசாதீர்கள். மலிவுதான், ஆனால் துணி அசையும்போது வெடித்துப் பொடியாக உதிரும். கடைசிக் கோட்டிங் காய ஒரு நாள் விடுங்கள்.

10. காற்றும் தண்ணீரும்

ஆடி மாதத்தில் உடுமலை, பல்லடம் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்து அக்ரிலிக் வரைய முடியாது. பேலட்டில் பிழிந்த கலர் சில நிமிடத்தில் தோல் கட்டிவிடும். மேற்கு ஜன்னலைச் சாத்துங்கள். மூடியுள்ள டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச், அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் கலர் என்று வைத்தால் நாள் முழுக்க ஈரம் நிற்கும். காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டரை லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றினால் பூச்சு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் வாட்டர்கலருக்குக் கேன் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ எடுங்கள். உப்புத் தண்ணீரில் போட்ட கரும் வாஷ் காய்ந்தபின் மேலே சாம்பல் பூத்தது போல வெளுக்கும்.

11. வரையும் வரிசை

பின்னாலிருந்து முன்னுக்கு, கருமையிலிருந்து வெளிச்சத்துக்கு. அக்ரிலிக்கில் வெளிச்சத்தைக் கடைசியில் ஏற்றுவது சுலபம், வெள்ளையின் மேல் நிழலை ஏற்றுவது கஷ்டம்.

முதலில் யெல்லோ ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும் நீர்க்கக் கலந்து கான்வாஸ் முழுக்கப் பூசுங்கள். வெள்ளைத் துணியில் நுரையின் நிழலை எடைபோட முடியாது. காய்ந்ததும் மேலிருந்து 15 செ.மீ. கீழே தொடுவானம். ஈஸலில் வைத்து, மேசனின் ரசமட்டத்தைக் கோட்டின் மேல் பிடித்துப் பாருங்கள். மற்ற காட்சிகளில் 3 மி.மீ. சாய்வு தெரியாது, கடலில் அறைக்குள் நுழைந்தவுடன் தெரியும்.

வானம், பிறகு தூரத்து நீர்: அல்ட்ராமரைன் 3 பங்கு, வெள்ளை 3, பர்ன்ட் சியன்னா 1, தாலோ ப்ளூ அரிசி அளவு. தாலோ கலர்கள் மிக வலுவானவை, பிரஷ் நுனியில் தொட்டுச் சேர்க்கவேண்டும். இரண்டும் ஈரமாக இருக்கும்போதே சந்திக்கும் கோட்டைக் காய்ந்த பிரஷால் ஒருமுறை தடவி மழுக்குங்கள். கத்தியால் வெட்டினது போன்ற தொடுவானம் பக்கத்தில் வந்து நிற்கும்.

அடுத்து அலை. ஓர் ஓவியத்தில் ஒரே ஓர் அலைதான் நாயகன், மற்றவை அடங்கிப் போகட்டும். அலையின் அடிக்கு அல்ட்ராமரைன் 2, தாலோ க்ரீன் 1, பர்ன்ட் அம்பர் 1. மேலே போகப் போக லெமன் யெல்லோவும் வெள்ளையும் கூட்டுங்கள். முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, விரல் அகலப் பட்டைதான் ஒளிரும் பச்சை: லெமன் யெல்லோ 2, வெள்ளை 2, யெல்லோ ஆக்கர் அரை, தாலோ க்ரீன் கால் பங்கு. பட்டை முழு நீளத்துக்கும் ஒரே அளவாக ஓடக்கூடாது. கவிழப்போகும் இடத்தில் அகலமாகத் தொடங்கி, இன்னும் எழும்பாத பக்கம் போகும்போது மெலிந்து கரும் நீலத்தில் மறையவேண்டும். பிரஷ் இழுப்பு அலை ஏறும் திசையில், கீழிருந்து மேலே வளைந்து போகட்டும். குறுக்கே இழுத்தால் அலை சப்பையாகிவிடும்.

நுரையை முழுக்க முதலில் நிழல் கலரிலேயே பூசுங்கள்: வெள்ளை 8, அல்ட்ராமரைன் 1, பர்ன்ட் சியன்னா அரை. உடைந்து குமுறும் நுரைக்கு வடிவம் தருவது இந்த நிழல்தான். காய்ந்ததும் வெயில் விழும் பக்கம் மட்டும் வெள்ளையோடு சொட்டு யெல்லோ ஆக்கர் கலந்து, பழைய குத்துப் பிரஷால் குத்திக் குத்தி ஏற்றுங்கள். சுத்த டைட்டானியம் ஒயிட் கடைசிச் சில தொடுகைகளுக்கு.

அலைமுகத்தில் ஏறும் பழைய நுரை வலைப்பின்னல் வேறு ரகம். வெள்ளைக் கோடு இழுத்து வலை பின்னாதீர்கள். வெள்ளைப் பரப்பில் நீரின் ஓட்டைகள் என்று நினைத்து ஓட்டைகளை வரையுங்கள். முன்னால் இருப்பவை பெரியதாகவும் வட்டமாகவும், தள்ளிப் போகப் போகத் தட்டையான நீள்வட்டமாகி, கடைசியில் வெறும் கீற்றாகவும் மாறும்.

ஈர மணல் கடைசி. பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் கலந்த அடியின் மேல், காய்ந்தபின், வானத்தின் கலரை நீர்க்க ஒரு பூச்சு. பிரதிபலிப்பை மேலிருந்து கீழாக நேராக இழுத்து, பிறகு ஒரு கிடைக்கோட்டு இழுப்பு. மெல்லிய நீர் பின்வாங்கும் ஓரத்தின் அடியில் ஒரு கருநிழல் கோடு வைத்தால்தான் நீருக்குக் கனம் வரும்.

அக்ரிலிக் காய்ந்தால் சற்றுக் கருக்கும். ஒவ்வொரு கலவையையும் ஒரு துண்டுத் தாளில் பூசி, ஹேர் டிரையரில் காயவைத்து, கரையில் போட்ட கட்டத்தோடு ஒப்பிட்ட பிறகு கான்வாஸில் வையுங்கள். மேலே சொன்ன பங்குகள் தொடங்குவதற்குத்தான், தீர்ப்பு அந்தக் கட்டத்தினுடையது.

12. எது தப்பினால் எதைப் பார்ப்பது

கடல் பிளாஸ்டிக் போல மின்னினால் தாலோ நீலம் கூடிவிட்டது. பர்ன்ட் சியன்னா நீர்த்த பூச்சு ஒன்று கொடுத்து அடக்குங்கள். நுரை பஞ்சு ஒட்டினது போல இருந்தால் எல்லா ஓரங்களும் ஒரே கூர்மையில் இருக்கின்றன. நிழல் பக்கத்து ஓரங்களைப் பக்கத்து நீரோடு கரைத்துவிடுங்கள். ஓவியம் முழுக்க மங்கலாகத் தெரிந்தால் கலரை மாற்றாதீர்கள், போட்டோ எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கி டோன் எண்களோடு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 4-ஆம் எண் காணாமல் போயிருக்கும்.

படகு மிதக்காமல் ஒட்டினது போல நின்றால், நீர் தொடும் கோட்டை ஒரே நேராக வரைந்திருப்பீர்கள். இரண்டு இடத்தில் அலையால் மறைத்துவிடுங்கள்.

13. பயணங்களுக்கு நடுவே

சிங்காநல்லூர் குளமும் உக்கடம் பெரியகுளமும் பிரதிபலிப்பு பழக நல்ல இடம். பவானிசாகர், மேட்டூர் அணைகளில் காற்றுக்காலத்தில் சிற்றலை எழும். தூர நீர் ஏன் கருக்கிறது என்பதை அங்கேயே சரிபார்க்கலாம். ஆனால் எழுந்து கவிழும் அலையை எந்த அணையும் கற்றுத்தராது. அதற்கு அந்த ஸ்லோ மோஷன் வீடியோவை வாரம் ஒருமுறை ஓடவிட்டு, நிறுத்தாமல் பென்சிலில் வரைந்து பழகுங்கள்.

14. வார்னிஷும் பேக்கிங்கும்

மெல்லிய பூச்சென்றால் இரண்டு வாரம், நுரையைத் தடிமனாக ஏற்றியிருந்தால் ஒரு மாதம் கழித்து வார்னிஷ். ஐப்பசி மழை நாளில் வேண்டாம், ஈரம் சிக்கிப் பால் போல வெளுக்கும்.

சித்திரை வெயிலில் கரூர், ஈரோட்டுப் பக்கம் அக்ரிலிக் பூச்சு இளகும். இரண்டு ஓவியத்தை முகத்துக்கு முகம் சேர்த்துக் கட்டினால் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது நுரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும். பபிள் ராப்பை நேரடியாக முகத்தில் சுற்றினால் வட்டம் வட்டமாகத் தடம் பதியும். முதலில் சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள், நான்கு மூலைக்கும் அட்டை, அதற்கு மேல் பபிள் ராப். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

கட்டுமுன் சட்டத்தின் பின்னால் பென்சிலில் கரை, மாதம், மணி, ஓதம், நின்றா உட்கார்ந்தா என்று எழுதிவிடுங்கள். அடுத்த கான்வாஸுக்குப் பழைய கலர்க் கட்டங்களை எடுக்கும்போது எது எந்தக் கடல் என்று தேட வேண்டியிராது.